பழைய எம்3 வாங்கலாமா: முன்னறிவிப்புத் தரும் பழுதுகளும் தராத பழுதுகளும்

ஹாரோவாசி (லண்டன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பணத்தில் பிஎம்டபிள்யூ ஈ92 எம்3 ஒன்றை வாங்கும் எண்ணத்தில் இருக்கிறேன். டர்போ ஏதுமின்றி, 4.0 லிட்டர் வி8 இன்ஜின் நிமிடத்துக்கு 8,300 சுற்றில் 420 குதிரைத்திறன் தருவதை ஒருமுறை நண்பரின் காரில் உட்கார்ந்து கேட்டதிலிருந்து வேறெந்தக் காரிலும் மனம் செல்லவில்லை. இந்தக் கார் 2013 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதால் சந்தையில் இருப்பவை எல்லாமே பத்து வயதைத் தாண்டியவை. நான் பார்த்து வைத்திருப்பது 71,000 மைல் ஓடியது.

எங்கு படித்தாலும் ராடு பேரிங் தேய்ந்து இன்ஜினே போய்விடும் என்ற பேச்சுதான் முதலில் வருகிறது. அடுத்து த்ராட்டில் ஆக்சுவேட்டர், அதற்கடுத்து இன்னொன்று என்று பட்டியல் நீள்கிறது. போர்ஷே 911 பக்கம் திரும்பினால் அங்கே ஐஎம்எஸ் பேரிங் என்கிறார்கள். ஆற்றல் மிகுந்த கார் என்றாலே இந்தப் பயத்தோடுதான் வாழ வேண்டுமா, அல்லது இவற்றில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைக்காரர் (ஸ்கார்பரோ) எழுதியது:

வணக்கம் தம்பி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே பட்டறை நடத்துகிறேன். நீங்கள் கேட்ட கேள்வியை என்னிடம் வருகிறவர்களும் கேட்கிறார்கள், ஆனால் அநேகமாகக் காரை வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். நீங்கள் முன்னதாகக் கேட்டது நல்லது.

ஒரு பழுதைப் பற்றி நான் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். அது வருமுன் ஏதாவது சொல்லுமா என்பது ஒன்று. வந்தால் தன்னோடு எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்பது மற்றொன்று. எத்தனை காருக்கு வருகிறது என்ற கேள்விக்கு நான் மூன்றாம் இடம்தான் தருவேன்.

இன்ஜினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் மோட்டாரான த்ராட்டில் ஆக்சுவேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது பழுதானால் எச்சரிக்கை விளக்கு எரியும், கார் ஆற்றலைக் குறைத்துக்கொண்டு மெதுவாக வீடு வரை வந்து சேரும், பாகத்தை மாற்றினால் வேலை முடிந்தது. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போகலாம், ஆனால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ராடு பேரிங் அப்படிப்பட்டதல்ல. பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல் தண்டோடு இணைப்பது கனெக்டிங் ராடு. அதன் பெரிய முனைக்கும் கிராங்கின் ஜர்னல் என்ற உருளைப் பகுதிக்கும் இடையில் இரண்டு பிறை வடிவத் தகடுகள் உட்கார்ந்திருக்கின்றன. எட்டு ராடுகளுக்கு மொத்தம் பதினாறு தகடுகள். இன்ஜின் நல்லபடியாக ஓடும்போது தகடும் ஜர்னலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் மயிரிழையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் முழுச் சுமையையும் தாங்குகிறது. உங்கள் இன்ஜின் 8,300 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 138 முறை மேலே போய்க் கீழே வருகிறது. பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் தூரமான ஸ்ட்ரோக் 75.2 மில்லிமீட்டர் என்பதால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 21 மீட்டர். ஒவ்வொரு முறையும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பி அனுப்பும் வேலையை அந்தப் படலம்தான் செய்கிறது.

எஸ்65 என்று அழைக்கப்படும் இந்த இன்ஜினில் தகட்டுக்கும் ஜர்னலுக்கும் உள்ள இடைவெளி குறைவு என்பதுதான் நெடுநாள் விவாதம். ஜர்னல் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஓர் அங்குலம் இடைவெளி வேண்டும் என்பது இன்ஜின் கட்டுபவர்களின் பழைய கைக்கணக்கு. 52 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு அந்தக் கணக்குப்படி 0.05 மில்லிமீட்டரை ஒட்டி வரும். பிரித்து அளந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவாக இருந்ததாகச் சொன்னார்கள். நிறுவனம் கேட்ட எண்ணெயோ 10டபிள்யூ-60 என்ற கெட்டியான வகை. குறுகிய இடைவெளியும் குளிர்ந்த கெட்டி எண்ணெயும் சேரும் காலை நேரத்தில் இன்ஜினை முறுக்கினால் தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. இடைவெளிதான் காரணம் என்று எல்லா வல்லுநர்களும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தேய்மானம் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதுதான் முக்கியம். ராடு தட்டும் சத்தம் காதில் விழும்போது அநேகமாகக் கிராங்கும் காயப்பட்டிருக்கும். பேரிங்கை முன்கூட்டியே மாற்றுவதற்கும் இன்ஜினை மாற்றுவதற்கும் உள்ள செலவு வித்தியாசம், உங்கள் நாட்டுப் பணத்தில் நான்கு இலக்கத்துக்கும் ஐந்து இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்.

எண்ணிப்பார்ப்பவர் (சிங்கப்பூர்) எழுதியது:

ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் ஒரு கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை. இன்ஜின் போனவர் படம் பிடித்துப் போடுகிறார். ஆயிரம் பேர் அதைப் பார்க்கிறார்கள். இன்ஜின் போகாதவர் எதையும் எழுதுவதில்லை. இப்படிச் சேரும் கதைகளை மட்டும் படிக்கும் ஒருவருக்கு அந்தக் கார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் இதே கதிதான் என்று தோன்றுவது இயல்பு. மொத்தம் எத்தனை கார்கள் ஓடுகின்றன, அவற்றில் எத்தனை இதே காரணத்தால் நின்றன என்ற எண்ணிக்கை கையில் இல்லாமல் "எல்லோரும் மாற்றிவிடுங்கள்" என்று சொல்வது சரியா?

இன்னொன்றும் உண்டு. தேய்ந்த பேரிங்கைப் பிரித்தெடுத்துப் படம் போடுகிறவர்கள், எந்த அளவு தேய்மானம் இயல்பானது என்பதற்கு ஒப்பீடு ஏதும் காட்டுவதில்லை. 70,000 மைல் ஓடிய எந்த இன்ஜினின் பேரிங்கும் புதிதுபோல் இருக்காது. பயத்தைத் தூண்டிப் பேரிங் விற்கிறவர்களும் இந்தப் பேச்சில் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பட்டறைக்காரர் (ஸ்கார்பரோ) எழுதியது:

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நானும் உடைந்த கார்களை மட்டுமே பார்க்கிறவன். நன்றாக ஓடும் கார் என் வாசலுக்கு வருவதில்லை. ஆகவே பட்டறைக்காரன் சொல்லும் விகிதத்தை யாரும் நம்ப வேண்டாம், என்னுடையதையும் சேர்த்து.

ஆனால் விகிதம் தெரியாதபோது என்ன செய்வது? அதற்குத்தான் முன்னறிவிப்பைப் பார்க்கச் சொன்னேன். நூறில் ஒரு காருக்கு வரும் பழுதாக இருந்தாலும், அது சொல்லாமல் வந்து இன்ஜினையே கொண்டுபோகும் என்றால், என் பணத்தில் ஒரு பகுதியை அதற்கு எதிராக முன்பே செலவழிப்பேன். நூறில் முப்பது காருக்கு வரும் பழுது விளக்கு எரித்துச் சொல்லிவிட்டு வரும் என்றால், வரட்டும் என்று காத்திருப்பேன்.

தேய்மான ஒப்பீடு பற்றிக் கேட்டீர்கள். சென்ற குளிர்காலத்தில் ஒரு வி8 இன்ஜினின் தகடுகளைக் கழற்றி, எண் வரிசைப்படி வெள்ளைத் துணியில் அடுக்கினேன். கார் எது என்று சொல்ல விரும்பவில்லை. மேல் தகடுகள் எட்டில் ஐந்து ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருந்தன. விரலால் தடவினால் வழுவழுப்பு. மூன்றில் நடுப்பகுதி சாம்பல் போய்ச் செம்பு நிறம் தெரிந்தது, நகத்தை ஓட்டினால் மெல்லிய கீறல் தட்டுப்பட்டது. ஒரே இன்ஜின், ஒரே எண்ணெய், ஒரே ஓட்டுநர். எட்டும் ஒரேபோல் தேய்ந்திருந்தால் அதை வயது என்பேன். மூன்று மட்டும் முந்திக்கொண்டு போனால் அதை வயது என்று என்னால் விட முடியாது.

எண்ணெய் ஆய்வு பற்றியும் ஒரு சொல். வடித்த எண்ணெயில் கொஞ்சம் ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதில் கலந்திருக்கும் உலோகங்களைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்லுவார்கள். முற்காலத்து எஸ்65களில் பேரிங் தகடு ஈயமும் செம்பும் கலந்தது, ஆகவே அந்த இரண்டும் ஏறுகின்றனவா என்று பார்க்கலாம். பிற்காலத்தில் ஈயமில்லாத, வெள்ளீயமும் அலுமினியமும் கலந்த தகடுகளுக்கு மாறினார்கள்; இன்ஜின் பிளாக்கும் பிஸ்டனும் அலுமினியமே என்பதால் அந்தக் கார்களில் ஆய்வு முன்போல் தெளிவாகப் பேசாது. ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று தடவை எடுத்து, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். ஆய்வு நன்றாக இருந்தும் பேரிங் போன கார்கள் உண்டு. ஆகையால் இது நம்பிக்கை தரும் சான்றே தவிர, உத்தரவாதம் அல்ல.

பேர்ன் 911 எழுதியது:

போர்ஷே பக்கத்தின் கதையை நான் சொல்கிறேன், ஏனென்றால் பட்டறைக்கார அண்ணன் சொல்லும் பிரிவினைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. என்னிடம் 911இன் 996 என்ற தலைமுறையைச் சேர்ந்த 2003 ஆம் ஆண்டுக் கரேரா இருக்கிறது.

அதிலுள்ள எம்96 இன்ஜினில் கிராங்குக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளுக்கும் இடையில் ஓர் இடைத்தண்டு ஓடுகிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவதுதான் ஐஎம்எஸ் பேரிங். அது கிரீஸ் அடைத்து மூடி வைத்த குண்டு பேரிங். மூடியின் ஓரமாக இன்ஜின் எண்ணெய் சிறிது சிறிதாகப் புகுந்து கிரீஸைக் கழுவிக்கொண்டு போகிறது. ஆனால் புகுந்த எண்ணெய் குண்டுகளை நனைக்குமளவு புதிதாக வந்து போவதுமில்லை. பேரிங் சிதறினால் தண்டு ஆடும், செயினின் கணக்குத் தப்பும், வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் முடியும்.

இதில் எல்லாக் கார்களும் ஒன்றல்ல. தொடக்ககாலக் கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் இருந்தன. 2000 ஆம் ஆண்டை ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். 2006 முதல் 2008 வரையிலான கார்களில் பெரிய பேரிங் வந்தது. அது உறுதியானது, ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. அமெரிக்காவில் நடந்து 2013 இல் சமரசத்தில் முடிந்த கூட்டு வழக்கை ஒட்டிப் பரவலாகச் சொல்லப்படும் எண், ஒற்றை வரிசைக்கு ஏறத்தாழ 8 சதவீதம், இரட்டை வரிசைக்கு 1 சதவீதத்தை ஒட்டி என்பது. சிங்கப்பூர் நண்பர் கேட்ட வகை எண்ணிக்கைக்கு இதுவரை வந்தவற்றில் இதுவே நெருக்கமானது. அதே 996 இன் டர்போ, ஜிடி3 வகைகளில் இருந்தது வேறு இன்ஜின். அதில் இந்தப் பேரிங்கே கிடையாது. 2009 ஆம் ஆண்டு மாடலில் வந்த புதிய இன்ஜினில் இடைத்தண்டையே எடுத்துவிட்டார்கள்.

என் காரில் கிளட்ச் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. கியர்பாக்ஸை இறக்கிவிட்டால் ஐஎம்எஸ் பேரிங் கண்ணெதிரே இருக்கும் என்பதால் அதையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். கழற்றிய பழைய பேரிங்கை மெக்கானிக் என் கையில் கொடுத்தார். சுற்றிப் பார்த்தேன், எந்தத் தடங்கலும் இல்லாமல் சுழன்றது. மூடியை நெம்பித் திறந்தபோது உள்ளே கிரீஸ் இல்லை, கறுத்த எண்ணெய்தான் இருந்தது. அந்தப் பேரிங் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீண் செலவு செய்துவிட்டேனா என்று சிலர் கேட்டார்கள். இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ராடு பேரிங்கோடு ஒப்பிட்டால் ஐஎம்எஸ் ஓரளவு சொல்லிவிட்டு வரும். அதன் குண்டுகள் எஃகு. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துக் காந்தத்தை ஓட்டினால் இரும்புத் துகள் ஒட்டும். ஒவ்வோர் ஆயில் மாற்றத்திலும் ஃபில்டரை வெட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. எம்3 வாங்குகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ராடு பேரிங்கின் ஈயம், செம்பு, வெள்ளீயம் எதையும் காந்தம் பிடிக்காது. அங்கே வெளிச்சத்தில் கண்ணால்தான் தேட வேண்டும்.

இந்த வகை இன்ஜின்களில் நான் உண்மையாக அஞ்சுவது சிலிண்டர் சுவரில் விழும் கீறலைத்தான். அது மெதுவாக வரும், எண்ணெய் குடிக்கும், ஒரு பக்கத்துச் சைலன்சர் குழாய் மட்டும் கரி பிடித்துக் கறுக்கும், சூடான பிறகு டிக் டிக் என்ற சத்தம் வரும். சொல்லிவிட்டுத்தான் வருகிறது, ஆனால் சொல்லும்போதே பாதி முடிந்திருக்கும். வாங்குமுன் பிளக் துளை வழியாகவும், முடிந்தால் இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பைக் கழற்றிக் கீழிருந்தும் கேமராவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய கார் வாங்கினால் இந்தக் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2014 தொடக்கத்தில் அப்போது வந்திருந்த 991 தலைமுறை 911 ஜிடி3 கார்களில் இரண்டு தீப்பற்றின. கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்ததே காரணம் என்று போர்ஷே அறிவித்து, 785 கார்களையும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி அத்தனைக்கும் இன்ஜினை மாற்றிக் கொடுத்தது.

கிள்ளான் டர்போ எழுதியது:

இங்கே பேசப்படுவதெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடும் கார்கள். எனக்கு நேர்ந்தது அப்படியல்ல. ஆகவே எழுதத் தயங்கினேன். ஆயினும் இந்த இழையைப் படிக்கும் இளைஞர் யாருக்காவது பயன்படும்.

என்னுடையது ஜப்பானிய டர்போ கார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், கூடுதல் ஆற்றலுக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் மேப் என்ற அமைப்பை மாற்றிக் கொடுத்த கடையின் பெயரும் வேண்டாம். மேப் போட்டவர் ஆர்ஓஎன்97 என்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். மலேசியாவில் 95க்கும் 97க்கும் உள்ள விலை வித்தியாசம் உங்களில் பலருக்குத் தெரியும். மாதக் கடைசியில் இரண்டு மூன்று முறை 95 ஊற்றினேன். மெதுவாகத்தானே ஓட்டுகிறோம் என்று நினைத்தேன். காராக் மலையேற்றத்தில் ஐந்தாம் கியரிலேயே வைத்து மிதித்தபோது மெல்லிய கொட்டாங்குச்சிச் சத்தம் போல ஏதோ கேட்டது. பாட்டுச் சத்தத்தைக் குறைத்துக் கேட்டேன், அதற்குள் நின்றுவிட்டது.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் நீலப் புகை. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு சேர்கிறது என்று கம்ப்ரஷன் பார்த்தார்கள்: மூன்று சிலிண்டரில் 140ஐ ஒட்டி, நான்காவதில் 85. பிறகு அந்தச் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, எங்கே கசிகிறது என்று தேடினார்கள். மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, துளைக்கு மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். காற்று கைக்கு அடித்தது. வால்வு வழியாகப் போயிருந்தால் சைலன்சரிலோ இன்டேக்கிலோ சீறும். இங்கே வந்தால் பிஸ்டனைத் தாண்டித்தான் வருகிறது என்று சொன்னார். பிரித்தபோது இரண்டு ரிங்குகளுக்கு நடுவிலுள்ள வரப்பு ஒரு விரல் அகலத்துக்கு உடைந்திருந்தது.

காரணத்தை அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி, பிளக்கின் பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேருமுன் தானே வெடிக்கும்போது ஏற்படும் அழுத்த அலை பிஸ்டனின் மிக மெல்லிய இடத்தைத் தாக்குகிறது. வார்ப்புப் பிஸ்டன் வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும். குறைந்த சுற்றில், உயர்ந்த கியரில், முழு டர்போ அழுத்தம் கேட்பது இதற்கு வழிவிடும் பழக்கம். இதே போன்ற நிகழ்வு சிறிய டர்போ இன்ஜின்களில் பெருகியதால்தான் 2018 இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020 இல் ஏபிஐ எஸ்பி என்ற புதிய எண்ணெய்த் தரங்களே வந்தன. மலையேறும்போது ஒரு கியர் இறக்குங்கள். அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டாலும் காலை எடுங்கள்.

வேளச்சேரி ஜிடி எழுதியது:

வணக்கம். எம்3, 911 அளவுக்குப் பெரிய கார் அல்ல என்னுடையது, 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ. இதுவரை எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் அதிலுள்ள டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் தானியங்கி கியர்பாக்ஸ் எப்போது நிற்குமோ என்ற கவலை, குறிப்பாகச் சென்னை ஓஎம்ஆர் சாலையில் மாலை ஆறு மணிக்கு நிற்கும்போது, விட்டபாடில்லை. அண்ணன் சொல்லும் பிரிவில் இது எதில் சேரும்?

பட்டறைக்காரர் (ஸ்கார்பரோ) எழுதியது:

நடுவில் சேரும் தம்பி. டிக்யூ200 என்ற அந்தக் கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச்சுகளும் உலர் வகை. எண்ணெயில் மூழ்கியிருக்காததால் சூடு எளிதில் இறங்காது. கிளட்ச் தேயும்போது முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும் இடத்தில் நடுக்கம் தெரியும், அது முன்னறிவிப்பு. மெக்கட்ரானிக்ஸ் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி எண்ணெய் அழுத்தத்தை இழந்தால் அறிவிப்பு குறைவு. கார் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் இன்ஜினை இழுத்துக்கொண்டு போகாது.

ஊர்ந்து செல்லும் நெரிசலில் முன்னால் ஓரடி நகர்ந்ததும் நீங்களும் ஓரடி நகர வேண்டாம். இரண்டு கார் இடம் விட்டுப் பிறகு ஒரே வீச்சில் நகருங்கள், கிளட்ச் முழுதாகப் பிடிக்கட்டும். நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்குப் போங்கள். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் காரை நிறுத்தி வைக்காதீர்கள், பிரேக்கைப் பிடியுங்கள். அந்தக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கென்று வடிவமைக்கப்பட்டது; உங்கள் இன்ஜின் தருவது 175. இந்த இடைவெளிதான் உங்கள் பாதுகாப்பு. மேப் போட்டு அதைத் தின்றுவிடாதீர்கள்.

பேர்ன் 911 எழுதியது:

கேட்காத இரண்டு கார்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எம்3 விலை கைக்கு எட்டாதவர்கள் அடுத்து இவற்றைத்தான் பார்ப்பார்கள். முந்தைய ஈ46 எம்3இல் 2001 முதல் 2003 வரையிலான கார்களுக்கு ராடு பேரிங்கை நிறுவனமே மாற்றிக் கொடுத்தது. அதன் பெரிய கவலை, பின்சக்கரங்களைத் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேம் பொருந்தும் அடித்தகடு கிழிவது. காரைத் தூக்கி, தரைப்பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் விரிசல் தெரியும், தகடு வைத்துப் பற்றவைக்கலாம். மாஸ்டா ஆர்எக்ஸ்-8இன் சுழல் இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகத் தயங்கினால் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம் என்று பொருள். அதை ஸ்டார்ட் செய்து, வாசலிலிருந்து தெருவுக்கு நகர்த்திவிட்டு உடனே அணைப்பதும் கூடாது; பெட்ரோல் தேங்கிவிடும்.

ஹாரோவாசி (லண்டன்) எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரத்தில் இரண்டு கார்களைப் பார்த்துவிட்டேன்.

முதலில் சொன்ன 71,000 மைல் கார். காலை பத்து மணிக்கு வருகிறேன், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று முந்தைய நாளே கேட்டிருந்தேன். போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டின் மேல் கையை வைத்தேன், சூடாக இருந்தது. கடைக்குப் போய்வந்தேன் என்றார் விற்பவர். இருக்கலாம். ஆனால் குளிர்ந்த இன்ஜினின் முதல் சத்தத்தைக் கேட்கத்தான் நான் போனேன். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் இருந்தன, எந்த எண்ணெய் என்பதற்கு ஒரு பில்லும் இல்லை. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாவது கார் 64,000 மைல். இங்கே கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி தகுதிச் சோதனையின் வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்பதால் ஆண்டுவாரியாக மைல் கணக்கை ஒப்பிட்டேன், எங்கும் இடறவில்லை. உரிமையாளர் ஓர் ஓய்வுபெற்ற பொறியாளர். எண்ணெய் பில்களைக் கோப்பில் வைத்திருந்தார்: 10டபிள்யூ-60, ஒவ்வொரு முறையும் ஒன்பது லிட்டர், ஏறத்தாழ 6,000 மைலுக்கு ஒரு முறை. நிறுவனம் சொல்லும் இடைவெளியில் பாதிகூட இல்லை. பானெட் பனிபோல் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்தபோது வழக்கமான குளிர் உறுமலைத் தவிர வேறு தட்டல் கேட்கவில்லை. அவர் ஓட்ட நான் அருகில் உட்கார்ந்தேன். டாக்கோமீட்டரின் எச்சரிக்கைப் பட்டை எண்ணெய் சூடாக ஆக மேலே நகர்வதைப் பார்த்தேன். அது முழுதாக விலகும்வரை, கிட்டத்தட்ட பதினைந்து நிமிடம், அவர் 3,500 சுற்றைத் தாண்டவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. அவர் எப்போதும் ஓட்டுவது அப்படித்தான் என்று தெரிந்தது.

ராடு பேரிங் மாற்றியதற்கு ஆவணம் இல்லை. மாற்றியதில்லை என்று அவரே சொன்னார். அந்த வேலைக்கு ஆகும் தொகையை விலையில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். கார் இப்போது என் வீட்டு வாசலில் இருக்கிறது.

சிங்கப்பூர் நண்பரின் கேள்வியை மறக்கவில்லை. இந்தக் காரின் பேரிங் நன்றாகவே இருக்கலாம். அப்படியிருந்தாலும் மாற்றப்போகிறேன். ஒவ்வொரு முறை 8,000 சுற்றைத் தொடும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட எனக்கு விருப்பமில்லை.

எண்ணிப்பார்ப்பவர் (சிங்கப்பூர்) எழுதியது:

நல்ல முடிவு. விகிதம் தெரியாமல் பொதுவாக அறிவுரை சொல்வதைத்தான் மறுத்தேன். ஒருவர் தன் காரை, தன் பணத்தை, தன் மனநிம்மதியை வைத்து எடுக்கும் முடிவை அல்ல. ஒரு வேண்டுகோள்: கழற்றும் தகடுகள் எந்த நிலையில் இருந்தாலும், நன்றாக இருந்தாலும்கூட, இங்கே படம் போடுங்கள். நன்றாக இருந்தவையும் கணக்கில் சேரட்டும்.

பட்டறைக்காரர் (ஸ்கார்பரோ) எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. வேலை செய்யும் பட்டறையிடம் சில விஷயங்களை முன்பே பேசிக்கொள்ளுங்கள். இன்ஜினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, முன் சப்ஃப்ரேமை இறக்கி, ஆயில் சம்பைக் கழற்றித்தான் பேரிங்கை அடைய முடியும். ராடு போல்ட்டுகள் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடுபவை, ஆகவே பழையதைத் திரும்பப் போடக் கூடாது. புதிய பதினாறும் கையில் வந்த பிறகுதான் காரைப் பிரிக்க வேண்டும். சப்ஃப்ரேம் இறங்கியிருக்கும்போது இன்ஜின் மவுண்டுகளையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், கூலி மிச்சமாகும்.

பிரிக்குமுன் இன்ஜினைச் சூடாக்கி எண்ணெயை வடிக்கும்போது, முதலில் ஓடுவதை விட்டு நடுவில் ஓடுவதிலிருந்து ஆய்வுக்கு எடுங்கள். தகடுகளைக் கழற்றக் கழற்ற ஒன்று முதல் எட்டு வரை, மேல் கீழ் என்று முதுகில் எழுதி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். கலந்துவிட்டால் எந்த ராடு என்று பிறகு தெரியாது. இந்தக் காரில் எண்ணெய் அளக்கும் குச்சி கிடையாது, 8.8 லிட்டரை அளந்து ஊற்றி, ஓட்டிச் சூடாக்கிய பிறகு திரையில் அளவைப் பாருங்கள். முதல் 1,000 மைலில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்.

ஹாரோவாசி (லண்டன்) எழுதியது:

எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டேன் அண்ணா. போல்ட்டுகளும் தகடுகளும் நேற்று வந்து சேர்ந்தன. எண்ணிப் பார்த்தேன், இரண்டிலும் பதினாறு. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் காரைப் பட்டறையில் விடுகிறேன். சம்பைக் கழற்றும் நேரத்தில் நானும் அருகில் நிற்க அனுமதி வாங்கியிருக்கிறேன். வெள்ளைத் துணி ஒன்றும் எடுத்துப்போகிறேன்.